போருக்குப் பிந்தைய அமெரிக்கா: செழிப்பு யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945 முதல் 1960களின் நடுப்பகுதி வரை அமெரிக்க வாழ்க்கை தலைகீழாக மாறியது. சொந்த வீடு, வாசலில் கார், கூடத்தில் தொலைக்காட்சி, நான்கு பிள்ளைகள் என்று இன்றும் உலகம் முழுவதும் 'அமெரிக்க வாழ்க்கை' என்றதும் நினைவுக்கு வரும் படம் அந்த இருபது ஆண்டுகளில் உருவானது. அதைப் பற்றி வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் செழிப்பு வானத்திலிருந்து பெய்த மழை என்று பலர் நினைக்கிறார்கள். அது வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்த தண்ணீர். சட்டம் இயற்றி, பொதுப் பணத்தைக் கொட்டி வெட்டிய வாய்க்கால். எந்த வயலுக்குப் பாய வேண்டும், எந்த வயலுக்கு மடையை அடைக்க வேண்டும் என்பதையும் அதே சட்டங்களும் அதிகாரிகளும்தான் தீர்மானித்தார்கள்.

போர் முடிந்த உடனேயே செழிப்பு வந்துவிட்டதா?

இல்லை. முதல் ஓராண்டு பயத்தில் கழிந்தது. 1930களின் பெருமந்தத்தில் வேலையின்றி வரிசையில் நின்றவர்கள் அப்போதும் நடுவயதினர்தான். போர்ச் செலவுதான் அந்த மந்தத்தை முடித்துவைத்தது. போர் நின்றால் பழைய நிலை திரும்பிவிடும் என்று அஞ்சாதவர்கள் குறைவு. படையில் இருந்த சுமார் 1.2 கோடிப் பேர் வீடு திரும்ப வேண்டியிருந்தது. 1946இல் விலைக் கட்டுப்பாடு தளர்ந்ததும் விலைகள் எகிறின. இறைச்சிக்குத் தட்டுப்பாடு வந்தது. அந்த ஓராண்டில் மட்டும் 45 லட்சத்துக்கும் அதிகமான தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்.

எல்லாவற்றிலும் கடுமையானது வீட்டுப் பஞ்சம். பெருமந்தத்தில் புதிதாக வீடு கட்டுவது வெகுவாகக் குறைந்துபோனது. போர்க்காலத்தில் மரமும் இரும்பும் ராணுவத்துக்குப் போயின. திரும்பி வந்த சிப்பாய் மணம் முடித்து, மனைவியோடு பெற்றோர் வீட்டு மாடியறையில் ஒண்டிக்கொண்டான். சிகாகோவில் ஓட்டத்திலிருந்து நீக்கப்பட்ட பழைய டிராம் பெட்டிகளை வீடாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று விற்றார்கள். உலகப் போரில் வென்ற நாட்டில் குடியிருக்க டிராம் பெட்டி!

பிறகு பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்தியது எது?

பல காரணங்கள் ஒன்றுசேர்ந்தன. போர்க்காலத்தில் எல்லோருக்கும் வேலை இருந்தது, ஆனால் வாங்கப் பொருள் இல்லை. சர்க்கரையும் இறைச்சியும் பெட்ரோலும் பங்கீட்டு அட்டைக்குத்தான் கிடைத்தன. 1942 பிப்ரவரியோடு பொதுமக்களுக்கான கார் உற்பத்தியே நின்றுவிட்டது. கையில் சேர்ந்த பணம் வங்கியிலும் போர்க்காலப் பத்திரங்களிலும் முடங்கிக் கிடந்தது. போர் முடிந்ததும் அந்தப் பணமெல்லாம் கடைக்கு வந்தது.

அடுத்தது, போட்டிக்கு ஆள் இல்லை. ஜெர்மனியும் ஜப்பானும் சாம்பலாகிக் கிடந்தன; பிரிட்டன் கடனில் மூழ்கியிருந்தது. அமெரிக்கத் தொழிற்சாலைகள் மீது ஒரு குண்டுகூட விழவில்லை. 1948இல் தொடங்கிய மார்ஷல் திட்டத்தின்படி ஐரோப்பாவுக்குச் சென்ற சுமார் 1,300 கோடி டாலர் உதவியில் பெரும்பகுதி அமெரிக்கச் சரக்கு வாங்கவே செலவானது. பனிப்போர் தொடங்கியதால் ராணுவச் செலவும் முழுதாகக் குறையவில்லை. விமானத் தொழிற்சாலைகளை நம்பி கலிபோர்னியாவில் ஊர்களே முளைத்தன.

இவற்றோடு சேர்ந்து சாதாரணக் குடும்பத்தின் கையில் நேரடியாக வாழ்க்கையை மாற்றும் வசதியைக் கொடுத்தது ஒரு சட்டம். அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஜி.ஐ. சட்டம் என்கிறார்களே, அது என்ன?

1944 ஜூன் 22 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட, படைவீரர்கள் மறுவாழ்வுச் சட்டம். அமெரிக்கச் சிப்பாயை 'ஜி.ஐ.' என்று அழைப்பது வழக்கம். அதனால் இந்தப் பெயர்.

சட்டத்தின் பின்னால் ஒரு கசப்பான நினைவு உண்டு. முதல் உலகப் போரில் சண்டையிட்டவர்கள் தங்களுக்கு வாக்களித்த ஊக்கத்தொகையை உடனே தரச் சொல்லி 1932இல் வாஷிங்டனில் வந்து குடிசை போட்டுத் தங்கினார்கள். அவர்களைச் சொந்த நாட்டு ராணுவமே கண்ணீர்ப்புகை வீசித் துரத்தியது. அந்தக் காட்சி மறுபடி வரக் கூடாது என்ற எண்ணம் 1944இல் பலருக்கும் இருந்தது.

சட்டம் கொடுத்தவை மூன்று. கல்லூரிக் கட்டணம் ஆண்டுக்கு 500 டாலர் வரை. அன்றைக்கு அது பெரிய பல்கலைக்கழகங்களுக்கே போதுமானது. அதற்கு மேல் மாதந்தோறும் செலவுக்குப் பணம். வேலை கிடைக்கும்வரை வாரம் 20 டாலர், அதிகபட்சம் 52 வாரங்களுக்கு. வீடோ பண்ணையோ கடையோ வாங்க அரசு உத்தரவாதத்துடன் கடன்.

1947இல் கல்லூரி மாணவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் முன்னாள் படைவீரர்கள். வகுப்பில் இடமில்லை, மனைவி குழந்தையோடு வந்தவர்களுக்காகக் கல்லூரி மைதானங்களில் ராணுவத் தகரக் கொட்டகைகளை வரிசையாக அமைத்தார்கள். அதுவரை கல்லூரி வாசலை மிதித்தே அறியாத குடும்பங்களின் பிள்ளைகள் பொறியாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் மருத்துவர்களாகவும் வெளியே வந்தார்கள். 1956 வரை சுமார் 78 லட்சம் பேர் கல்விக்கும் தொழிற்பயிற்சிக்கும் இந்தச் சட்டத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள்; அவர்களில் ஏறக்குறைய 22 லட்சம் பேர் கல்லூரிக்குப் போனவர்கள். ஒரு நாடு தன் ஏழைப் பிள்ளைகளைப் படிக்கவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

லெவிட்டவுன் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

நியூயார்க் நகரத்துக்குக் கிழக்கே லாங் தீவில் உருளைக்கிழங்கு வயல்கள் இருந்தன. ஏப்ரகாம் லெவிட்டும் அவருடைய மகன்கள் வில்லியம், ஆல்பிரட் இருவரும் 1947இல் அங்கே வீடு கட்டத் தொடங்கினார்கள். அந்தக் குடியிருப்புதான் லெவிட்டவுன். 1951இல் அங்கே 17,447 வீடுகள் நின்றன.

கார்த் தொழிற்சாலையில் கார் நகர்ந்து வர, தொழிலாளி ஓரிடத்தில் நிற்பான். லெவிட்டுகள் அதைத் திருப்பிப் போட்டார்கள்: வீடு நிற்க, வேலையாட்கள் நகர்ந்தார்கள். கட்டுமானத்தை 27 வேலைகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு குழுவிடம் கொடுத்தார்கள். ஒரு குழு தளம் போட்டுவிட்டு அடுத்த மனைக்குப் போகும். பின்னால் வரும் குழு சுவர்ச் சட்டத்தை நிறுத்தும். வண்ணம் பூசுபவர் நாள் முழுவதும் ஒரே வண்ணத்தை மட்டும் பூசிக்கொண்டு போவார். மரம் முன்கூட்டியே அளவாக அறுக்கப்பட்டு வரும். ஆணியைக்கூடச் சொந்தமாகத் தயாரித்தார்கள். வேகம் உச்சத்தில் இருந்தபோது ஒரே நாளில் 30 வீடுகளுக்கு மேல் முடிந்தன.

வீட்டைச் சற்று உள்ளே போய்ப் பார்ப்போம். அறுபது அடிக்கு நூறு அடி மனை. நடுவே சுமார் 750 சதுர அடி வீடு. அமெரிக்க வீடுகளில் வழக்கமாகக் கீழே இருக்கும் நிலவறை இதில் இல்லை. செலவைக் குறைக்க மண்மீது நேராகக் கான்கிரீட் தளம். குளிர்காலத்தில் வீடு சூடாக இருப்பதற்காக அந்தத் தளத்துக்குள்ளேயே வெந்நீர்க் குழாய்களைப் பதித்திருந்தார்கள். பனி கொட்டும் நாளில் குழந்தைகள் வெறுங்காலோடு தரையில் விளையாடலாம். இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு குளியலறை. சமையலறை தெருவைப் பார்த்து முன்பக்கம். அதில் அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் வீட்டு விலைக்குள்ளேயே அடக்கம். மேலே முடிக்கப்படாத ஒரு பரண். பிள்ளைகள் பெருகினால் அதை அறையாக்கிக்கொள்ளலாம். பலரும் அப்படியே செய்தார்கள். ஒரே அச்சில் வார்த்த வீடுகள் சில ஆண்டுகளில் ஒன்றுக்கொன்று அடையாளம் தெரியாமல் மாறிப்போனதற்குக் காரணம் அந்தப் பரண்தான்.

1949இல் விலை 7,990 டாலர். முன்னாள் படைவீரருக்கு முன்பணமே தேவையில்லை. மாதத் தவணை 60 டாலருக்கும் குறைவு; நகரத்தில் இடுக்கான அறைக்குக் கொடுக்கும் வாடகையைவிட மலிவு. டிராம் பெட்டியிலும் மாமனார் வீட்டிலும் இருந்த குடும்பங்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 'ஒரே மாதிரி டப்பா வீடுகள்' என்று நகரத்து அறிவாளிகள் எள்ளியதை நான் ஏற்பதில்லை. எள்ளியவர்களுக்கு ஏற்கெனவே வீடு இருந்தது.

கட்டுப்பாடுகளும் உண்டு. புல்தரையை வாரம் ஒருமுறை வெட்ட வேண்டும். வேலி போடக் கூடாது. வார இறுதியில் துணி காயப்போடக் கூடாது. இவற்றைவிடக் கொடுமையான கட்டுப்பாடு ஒன்றும் ஒப்பந்தத்தில் இருந்தது.

என்ன கட்டுப்பாடு அது? யார் வேண்டுமானாலும் அந்த வீட்டை வாங்க முடியாதா?

முடியாது. தொடக்க கால ஒப்பந்தத்தின் 25ஆவது ஷரத்து, வெள்ளை இனத்தவர் அல்லாத எவரும் இந்த வீட்டைப் பயன்படுத்தவோ குடியிருக்கவோ குடித்தனக்காரர் அனுமதிக்கக் கூடாது என்று தடித்த எழுத்தில் சொன்னது. உடனே ஒரு விதிவிலக்கும் சேர்த்தது: வேறு இனத்தவரை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். பாத்திரம் துலக்க உள்ளே வரலாம். குடியிருக்க வரக் கூடாது. இந்த வாக்கியத்தைப் படிக்கும் தமிழர் எவருக்கும் விளக்கவுரை தேவைப்படாது.

இது ஒரு வியாபாரியின் தனிப்பட்ட வக்கிரம் என்று ஒதுக்கிவிட முடியாது. 1934இல் ஏற்பட்ட கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகம்தான் வீட்டுக் கடன்களுக்குக் காப்பீடு வழங்கியது. கறுப்பினத்தவர் குடியிருக்கும் பகுதி, அவர்கள் குடிவரக்கூடிய பகுதி இரண்டையுமே அது ஆபத்தான முதலீடாகக் கருதியது. இப்படிப்பட்ட தடை ஷரத்துகளைப் பத்திரத்தில் எழுதச் சொல்லி அதன் கையேடே பரிந்துரைத்தது. நகர வரைபடங்களில் கறுப்பின மக்களின் தெருக்கள் சிவப்பு வண்ணத்தில் தீட்டப்பட்டன. சிவப்புக்குள் இருந்தால் கடன் கிடைப்பது அரிது.

படைவீரர் சட்டமும் இதே வழியில் போனது. சட்டத்தின் வாசகத்தில் நிறம் இல்லை. ஆனால் கடன் கொடுப்பது உள்ளூர் வங்கி. அரசு உத்தரவாதம் மட்டுமே தரும். மிசிசிப்பி மாநிலத்தின் 13 நகரங்களில் 1947 கோடைவரை வழங்கப்பட்ட 3,229 உத்தரவாதக் கடன்களில் கறுப்பினத்தவருக்குக் கிடைத்தவை இரண்டு. அதே கடலைக் கடந்து, அதே சீருடை அணிந்து போய் வந்தவர்கள் அவர்கள்.

1948இல் ஷெல்லி வழக்கில் உச்ச நீதிமன்றம், இத்தகைய தடைகளை நீதிமன்றங்கள் மூலம் அமல்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. லெவிட்டுகள் அந்த ஷரத்தை எடுத்தார்கள். ஆனால் கறுப்பினத்தவருக்கு விற்பதில்லை என்ற வழக்கத்தை விடவில்லை. வீட்டுப் பிரச்சினையைத் தீர்க்க முடியும், அல்லது இனப் பிரச்சினையைத் தீர்க்க முயலலாம், இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது என்பது வில்லியம் லெவிட்டின் வாதம். அவருடைய குடும்பமே யூதக் குடும்பம். அமெரிக்காவின் பல குடியிருப்புகளில் யூதர்களுக்கும் இதே போன்ற தடைகள் இருந்த காலம் அது.

யாரும் அந்தத் தடையை மீறவில்லையா?

மீறினார்கள். பென்சில்வேனியாவில் எழுந்த இரண்டாவது லெவிட்டவுனில் 1957 ஆகஸ்ட் மாதம் வில்லியம் மையர்ஸ், டெய்சி மையர்ஸ் தம்பதி, ஏற்கெனவே அங்கே குடியிருந்த ஒரு வெள்ளையரிடமிருந்து நேரடியாக ஒரு வீட்டை வாங்கிக் குடியேறினார்கள். வில்லியம் முன்னாள் படைவீரர். அவர்களுக்கு மூன்று குழந்தைகள். கடைசிப் பெண் கைக்குழந்தை.

செய்தி தெருவில் பரவியதும் மாலைக்குள் கூட்டம் கூடிவிட்டது. கற்கள் பறந்து முன்பக்கச் சன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. இரவுக்கு இரவு நூற்றுக்கணக்கில் ஆட்கள் வாசலில் நின்று கூச்சலிட்டார்கள். உள்ளூர்க் காவலர்கள் திணற, மாநிலக் காவல்துறை வரவேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டைப் பிடித்துக்கொண்ட கும்பல் ஒன்று இரவும் பகலும் உரக்க இசையை அலறவிட்டது. மறுபுறம், கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கித் தரவும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் வந்த வெள்ளையர்களும் இருந்தார்கள். அவர்களுக்கும் மிரட்டல் வந்தது. மையர்ஸ் குடும்பம் அசையவில்லை. நீதிமன்றம் கும்பலுக்குத் தடை விதித்தது. டெய்சி பின்னாளில் பள்ளித் தலைமையாசிரியை ஆனார்.

பெண்களின் நிலை முன்னேறியதா, பின்வாங்கியதா?

இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன. போர்க்காலத்தில் லட்சக்கணக்கான பெண்கள் கப்பல் கட்டும் தளங்களில் பற்றவைப்பு வேலை செய்தார்கள். விமானங்களுக்கு ஆணி அறைந்தார்கள். அவர்களுக்காகக் கூட்டரசு நடத்திய குழந்தைகள் காப்பகங்கள் 1946இல் மூடப்பட்டன. திரும்பி வரும் ஆண்களுக்கு வேலையை விட்டுக்கொடுங்கள் என்று சொல்லப்பட்டது. 1950களின் நடுவில் பெண்கள் மணம் முடிக்கும் சராசரி வயது 20 அளவுக்கு இறங்கியது. 1957இல் மட்டும் சுமார் 43 லட்சம் குழந்தைகள் பிறந்தன. 1946 முதல் 1964 வரை ஏறத்தாழ 7.6 கோடி.

பத்திரிகை விளம்பரங்களில் அடுப்பங்கரையில் சிரித்தபடி நிற்கும் பெண் இந்தக் காலத்தின் அடையாளம். ஆனால் கணக்கைப் பார்த்தால் வேறு கதை. 1960இல் வயதுவந்த பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோர் சம்பளத்துக்கு வேலை பார்த்தார்கள். திருமணமானவர்கள் வேலைக்குப் போவது வேகமாகக் கூடியது. வீட்டுத் தவணை, கார்த் தவணை கட்ட ஒரு சம்பளம் போதவில்லை என்பது முக்கியக் காரணம். கிடைத்த வேலைகள் தட்டச்சு, கடை, பள்ளி, மருத்துவமனை. சம்பளம் குறைவு, மேலே போக வழியில்லை. சம்பாதிக்கும் பெண்ணாக இருந்தாலும் கடன் கேட்டால் கணவர் கையெழுத்தைக் கேட்பார்கள். பாலின அடிப்படையில் கடன் மறுப்பது சட்டவிரோதமானது 1974இல்தான். கருத்தடை மாத்திரைக்கு 1960இல் அனுமதி கிடைத்தது. எத்தனை பிள்ளை, எப்போது என்பதைப் பெண்ணே முடிவுசெய்ய முடிந்ததன் விளைவை அடுத்த தலைமுறை முழுமையாகக் கண்டது.

தொலைக்காட்சி அவ்வளவு பெரிய மாற்றமா?

1950இல் நூறு வீடுகளில் ஒன்பதில் தொலைக்காட்சி இருந்தது. 1960இல் ஏறத்தாழ 87 வீடுகளில். அதுவரை வேறு எந்தப் பொருளும் இவ்வளவு வேகமாக வீட்டுக்குள் நுழைந்ததில்லை.

1953 ஜனவரி 19 இரவு லூசில் பால் நடித்த நகைச்சுவைத் தொடரில் கதாநாயகிக்குக் குழந்தை பிறந்தது. சுமார் 4.4 கோடிப் பேர் பார்த்தார்கள். மறுநாள் ஐசனோவர் அதிபராகப் பதவியேற்றதைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. அந்தத் தொடரில் 'கர்ப்பம்' என்ற சொல்லையே உச்சரிக்க விடவில்லை என்பது அந்தக் காலத்தின் கூச்சத்துக்கு ஒரு சாட்சி.

அரசியலில் அதன் விளைவு இன்னும் ஆழமானது. 1963 மே மாதம் அலபாமாவின் பர்மிங்காம் நகரில் இனப் பிரிவினையை எதிர்த்து ஊர்வலம் போன பள்ளி மாணவர்கள்மீது காவல்துறை நாய்களை ஏவியது, தீயணைப்புக் குழாயால் அடித்து வீழ்த்தியது. அந்தக் காட்சிகளை வடக்கு மாநிலத்துக் குடும்பங்கள் இரவு உணவு வேளையில் பார்த்தன. கண்டுகொள்ளாமல் இருந்த பலருக்கு அதன் பிறகு அப்படி இருக்க முடியவில்லை.

கார்களும் நெடுஞ்சாலைகளும் எதை மாற்றின?

1956 ஜூன் 29 அன்று ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டம் 41,000 மைல் நீளத்துக்கு மாநிலங்களுக்கிடையிலான நெடுஞ்சாலைகளைத் திட்டமிட்டது. செலவில் 90 விழுக்காடு கூட்டரசுடையது. பெட்ரோல் வரியிலிருந்து பணம் வந்தது. கார்ப் பயணத்தை நம்பி அந்த ஆண்டுகளில் புதிய வியாபாரங்கள் முளைத்தன: மெம்பிஸில் 1952இல் தொடங்கிய ஹாலிடே இன் விடுதிகள், ரே கிராக் 1955இல் சிகாகோவுக்கு அருகே திறந்த மெக்டொனால்ட்ஸ் கடை, மினசோட்டாவில் 1956இல் திறக்கப்பட்ட, கூரையால் மூடிய முதல் பெரிய வணிக வளாகமான சவுத்டேல்.

நகரத்துக்குள் அந்தச் சாலை எந்த வழியாகப் போனது என்பதைக் கவனிக்க வேண்டும். நிலம் மலிவான இடம், எதிர்த்துக் கேட்க அரசியல் பலம் இல்லாத மக்கள் வாழும் இடம். டெட்ராய்டில் ஹேஸ்டிங்ஸ் தெரு கறுப்பின மக்களின் கடைவீதி. இசைக்கூடங்களும் மருந்துக்கடைகளும் முடிதிருத்தகங்களும் நிறைந்தது. அதன்மேல் நெடுஞ்சாலை போட்டார்கள். மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் ரோண்டோ குடியிருப்பு, மயாமியில் ஓவர்டவுன் என்று பல ஊர்களில் இதே கதை. வங்கிக் கடன் மறுக்கப்பட்டும் சொந்த உழைப்பில் கட்டிய வீடுகளை இடித்து, புறநகர் வீட்டுக்காரர் விரைவாக அலுவலகம் போக வழி செய்தார்கள்.

தொழிலாளர்களுக்கு என்ன கிடைத்தது?

நிறைய. 1950இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமும் வாகனத் தொழிலாளர் சங்கமும் செய்துகொண்ட ஐந்தாண்டு ஒப்பந்தம் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, விலைவாசிக்கேற்ற ஊதிய உயர்வு ஆகியவற்றைக் கொடுத்தது. மற்றத் தொழில்களும் அதைப் பின்பற்றின. 1950களின் நடுவில் விவசாயம் தவிர்த்த தொழிலாளர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் சங்க உறுப்பினர். மேல்தட்டு வருமானத்தின் கடைசிப் படிக்கு 91 விழுக்காடு வரை வரி இருந்தும் தொழில்கள் வளர்ந்தன என்பதை இன்று வரி விவாதம் நடத்துபவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

விவசாயக் கூலிகளும் வீட்டு வேலைக்காரர்களும் இந்தப் பாதுகாப்புக்கு வெளியே நின்றார்கள். 1959இல்கூட நூற்றுக்கு 22 பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள்.

இவ்வளவு செழிப்பான நாட்டில் கம்யூனிச பயம் எங்கிருந்து வந்தது?

இழப்பதற்கு நிறைய இருந்ததால்தான் பயமும் பெரிதாக இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. 1949இல் சோவியத் அணுகுண்டைச் சோதித்தது. சீனாவில் கம்யூனிஸ்டுகள் வென்றார்கள். அதற்கு முன்பே, 1947இல், அதிபர் ட்ரூமன், அரசு ஊழியர்களின் விசுவாசத்தை விசாரிக்கும் திட்டத்தைத் தொடங்கியிருந்தார். 1950 பிப்ரவரியில் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி வெளியுறவுத் துறையில் கம்யூனிஸ்டுகள் இருப்பதாகவும் பட்டியல் தன்னிடம் இருப்பதாகவும் முழங்கினார். பட்டியல் எண்ணிக்கை ஊருக்கு ஊர் மாறியது. ஆசிரியர்கள், திரைத்துறையினர், அரசு ஊழியர்கள் எனப் பலர் வேலை இழந்தார்கள். ஒருபாலீர்ப்பு உள்ளவர்களும் 'பாதுகாப்பு ஆபத்து' என்று துரத்தப்பட்டார்கள்.

1954இல் ராணுவத்தோடு மோதியபோது மெக்கார்த்தியின் முறைகளை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. ஓர் இளம் வழக்கறிஞரின் பெயரைத் தேவையின்றி அவர் இழுத்தபோது, ராணுவத் தரப்பு வழக்கறிஞர் ஜோசப் வெல்ச் உங்களிடம் கண்ணியம் என்பது கொஞ்சமும் மிச்சம் இல்லையா என்று கேட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் செனட் 67க்கு 22 என்ற வாக்கில் அவரைக் கண்டித்தது. வேலை இழந்தவர்களில் பலருக்கு அது திரும்பக் கிடைக்கவில்லை.

கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்டத்துக்கும் இந்தச் செழிப்புக்கும் தொடர்பு உண்டா?

நேரடியான தொடர்பு உண்டு. போரிலிருந்து திரும்பியவர்களிடம் அது தொடங்குகிறது. 1946 பிப்ரவரி 12 அன்று ஐசக் வுடார்ட் என்ற கறுப்பினச் சிப்பாய் படையிலிருந்து விடுபட்ட சில மணி நேரத்தில், சீருடை கலையாமல், தென் கரோலினாவில் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். ஓட்டுநரோடு வாக்குவாதம். இறக்கிவிடப்பட்ட அவரை ஊர்க் காவல்துறைத் தலைவர் தடியால் அடித்து இரண்டு கண்களையும் பறித்தார். வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி அந்த அதிகாரியை விடுவித்தது. இந்தச் செய்தி ட்ரூமனை உலுக்கியது. 1948 ஜூலையில் ராணுவத்தில் இனப் பிரிவினையை முடிவுக்குக் கொண்டுவரும் ஆணையை அவர் பிறப்பித்தார். நார்மண்டியில் பணியாற்றித் திரும்பிய மெட்கர் எவர்ஸ், மிசிசிப்பியில் வாக்களிக்கப் போனபோது ஆயுதக் கும்பல் திருப்பி அனுப்பியது. பின்னர் இயக்கத் தலைவரான அவரை 1963இல் வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றார்கள்.

பள்ளிகளில் பிரிவினை சட்டவிரோதம் என்ற பிரவுன் வழக்குத் தீர்ப்பு 1954 மே 17இல் வந்தது. 1955 டிசம்பர் 1 அன்று மாண்ட்கோமரியில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண், வெள்ளையருக்குப் பஸ் இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்துக் கைதானார். அடுத்த 381 நாட்கள் அந்த நகரத்துக் கறுப்பின மக்கள் பஸ் ஏறவில்லை. சமையல் வேலைக்குப் போகும் பெண்கள் மைல்கணக்கில் நடந்தார்கள். சொந்தக் கார் வைத்திருந்தவர்கள் நேரம் போட்டு ஆட்களை ஏற்றிச் சென்றார்கள். போருக்குப் பிறகு கறுப்பினக் குடும்பங்கள் சிலவும் கார் வாங்கியிருந்தது இங்கே கைகொடுத்தது.

காந்தியின் வழி இவர்களுக்குப் புத்தகத்தில் மட்டும் கிடைத்ததல்ல. கறுப்பினப் போதகர் ஜேம்ஸ் லாசன் நாக்பூரில் சில ஆண்டுகள் தங்கிச் சத்தியாக்கிரகத்தைப் பயின்று திரும்பி, நாஷ்வில் மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மார்ட்டின் லூதர் கிங் 1959இல் இந்தியாவில் பயணம் செய்தபோது கன்னியாகுமரிவரை வந்தார். அங்கே சூரியன் மறைவதையும் சந்திரன் எழுவதையும் ஒருசேரக் கண்டதை அந்த ஆண்டு ஊருக்குத் திரும்பியதும் தன் தேவாலய உரையில் சொன்னார்.

1964இல் குடிமை உரிமைச் சட்டம், 1965இல் வாக்குரிமைச் சட்டம். வீட்டு விற்பனையில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்துக்குப் பின், 1968 ஏப்ரல் 11 அன்றுதான் வந்தது. பஸ் இருக்கையைவிட, உணவகத்து நாற்காலியைவிட, பக்கத்து வீட்டை விட்டுக்கொடுப்பதுதான் வெள்ளையர்களுக்குக் கடினமாக இருந்தது.

இந்தியர்களுக்கு அந்த அமெரிக்காவில் இடம் இருந்ததா?

மிகச் சிறிய இடம். 1946இல் வந்த ஒரு சட்டம் இந்தியர்களுக்குக் குடியுரிமை பெறும் உரிமையையும், ஆண்டுக்கு 100 பேர் குடியேறும் அனுமதியையும் கொடுத்தது. நூறே பேர், ஒரு துணைக்கண்டத்துக்கு! வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1953இல் குடியுரிமை பெற்றார். கலிபோர்னியாவின் தலீப் சிங் சௌந்த் 1956இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1965 அக்டோபர் 3 அன்று சுதந்திர தேவி சிலையின் அடியில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம், பிறந்த நாட்டைப் பார்த்து இடம் ஒதுக்கும் முறையை நீக்கியது. அதன் பிறகுதான் தமிழ் மருத்துவர்களும் பொறியாளர்களும் கணிசமாகப் போனார்கள். நியூயார்க்கின் பிளஷிங் பகுதியில் பிள்ளையார் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1977 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர நாளில். அதே கறுப்பின மக்கள் தெருவில் நின்று வென்ற சட்டச் சூழல்தான் அந்தக் கதவையும் திறந்தது. அமெரிக்கத் தமிழர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டிய வரலாறு இது.

இந்தச் செழிப்பு எப்போது முடிந்தது?

பொதுவாக 1973 என்பார்கள். வியட்நாம் போர்ச் செலவால் விலைகள் ஏற்கெனவே ஏறியிருந்தன. ஜெர்மனியும் ஜப்பானும் மீண்டெழுந்து போட்டிக்கு வந்தன. அந்த அக்டோபரில் அரபு நாடுகளின் பெட்ரோலிய ஏற்றுமதித் தடை வந்தது. தொழிலாளியின் உண்மை ஊதியம் ஏறுவது அத்தோடு நின்றது.

அந்தப் பழைய தடை ஷரத்துகள் இன்னும் எங்காவது இருக்கின்றனவா?

இருக்கின்றன. அமெரிக்காவில் பழைய வீடு வாங்குபவர் பத்திரத்தைப் புரட்டும்போது, கறுப்பினத்தவர் இங்கே குடியிருக்கக் கூடாது என்ற வரி இன்றும் கண்ணில் படலாம். சட்டப்படி அதற்கு உயிர் இல்லை. ஆனால் விளைவு இருக்கிறது. 7,990 டாலருக்கு வாங்கிய வீடு இன்று பல லட்சம் டாலர் போகிறது. அதை அடமானம் வைத்துப் பிள்ளையைப் படிக்கவைத்த குடும்பத்தின் பேரப்பிள்ளையும், அந்த வீட்டை வாங்க அனுமதிக்கப்படாத படைவீரரின் பேரப்பிள்ளையும் ஒரே இடத்திலிருந்து வாழ்க்கையைத் தொடங்குவதில்லை.

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 2016இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், தன்னார்வலர்கள் பழைய பத்திரங்களின் பக்கங்களைக் கணினித் திரையில் ஒவ்வொன்றாகப் படித்து, எந்தெந்த வீட்டில் இந்த வரி இருக்கிறது என்று வரைபடத்தில் குறித்துவருகிறார்கள். அந்த மாநிலத்தில் 2019இல் வந்த சட்டப்படி வீட்டு உரிமையாளர் அந்த ஷரத்தை மறுத்து ஒரு படிவத்தைப் பதிவுசெய்யலாம். பழைய வரி அழிக்கப்படுவதில்லை. அந்தப் பத்திரத்தோடு இன்னொரு தாள் சேர்க்கப்படுகிறது.